கொழுந்தின் நிறை எங்கே போகிறது?

கித்துல்கலப் பக்கம் மழைக்குக் குறைவில்லை. தென்மேல் பருவ மழை தொடங்கிவிட்டால் கொழுந்து எடுக்கும் பெண்கள் படங்கைக் கட்டிக்கொண்டு, தலையில் ஒரு கொங்காணியைப் போட்டுக்கொண்டு, நனைந்தபடிதான் மலையில் நிற்பார்கள். அப்படியான ஒரு நாளில் இந்தப் பகுதித் தோட்டம் ஒன்றில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நாங்கள் நின்றிருந்தோம். ஓர் அக்காவின் சாக்கு தராசில் ஏறியது. தராசு 14 கிலோ காட்டியது. புத்தகத்தில் எழுதப்பட்டது 12.

"ஏங்கய்யா, 14ன்னு காட்டுது. 12 போடுறீங்களே?"

"தண்ணிக்கும் சாக்குக்கும் கழிவு, அக்கா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"நேத்து நல்ல வெயிலுதானே அடிச்சிச்சு? நேத்தும் ரெண்டு கிலோதானே கழிச்சீங்க?"

அதற்குப் பதில் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். அந்த அக்கா கூடையை எடுத்துக்கொண்டு திரும்பவும் மலைக்குப் போய்விட்டார்.

அவர் கேட்டது சம்பளத்தைப் பற்றிய கேள்வி. ஆனால் எமது பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் உள்ள ஒரு பாடமும் அதற்குள் இருக்கிறது. அந்தப் பாடத்தின் பெயர் திணிவுக் காப்பு விதி. பரீட்சைக்காகப் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற இந்த விதி, உண்மையில் அம்மாவின் கொழுந்துச் சாக்குக்குத்தான் அதிகம் பயன்படும். ஆகவே இம்முறை பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதற்காக இதை எழுதுகிறோம்.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஒரு பொருளில் எவ்வளவு சரக்கு இருக்கிறதோ அதைத் திணிவு என்று புத்தகம் சொல்லும். பூமி அதைக் கீழே இழுக்கிற விசை நிறை. பரீட்சையில் இரண்டையும் பிரித்து எழுத வேண்டும். மடுவத்திலும் கடையிலும் நாம் இரண்டுக்கும் கிலோ என்றே சொல்லிக்கொள்கிறோம், அதனால் இந்தக் கட்டுரையிலும் நிறை என்றே எழுதிப் போவோம். (மலையில் பிடிக்கிற நெரை வேறு, இந்த நிறை வேறு!)

ஒரு பொருள் உருகினாலும், உறைந்தாலும், கரைந்தாலும், ஆவியானாலும் அது வேறு பொருளாகிவிடுவதில்லை. ஐஸ் உருகினால் தண்ணீர், தண்ணீர் கொதித்தால் நீராவி. எல்லாம் ஒரே நீர்தான். இவற்றைப் பௌதிக மாற்றம் என்பார்கள். இப்படி மாறும்போது மொத்தத் திணிவு கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. ஓரிடத்தில் குறைந்தால் இன்னோர் இடத்தில் அதே அளவு கூடியிருக்க வேண்டும். விதி இவ்வளவுதான்.

"அப்படியென்றால் காய்ந்த துணி ஏன் லேசாக இருக்கிறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்க வேண்டும். துணியில் இருந்த தண்ணீர் காற்றுக்குப் போய்விட்டது. காற்றை நாம் தராசில் வைக்கவில்லை. சோறு இதற்கு எதிர்ப்பக்கம். 1 கிலோ அரிசியை உலையில் போட்டு வடித்தால் சோறு இரண்டு கிலோவுக்கும் மேலே நிற்கும். அரிசி பெருகவில்லை, உலைத் தண்ணீர் அரிசிக்குள் ஏறியிருக்கிறது. பானையில் ஊற்றிய தண்ணீரையும் வடித்த கஞ்சியையும் நிறுத்து வைத்துக்கொண்டால், ஆவியாகப் போனது எவ்வளவு என்பதையும் கணக்கில் பிடித்துவிடலாம்.

ஒரு கிளாஸ் பிளேன்டீயை நிறுத்துக்கொள்ளுங்கள். 200 கிராம் என்று வைப்போம். அதில் 20 கிராம் சீனி போட்டுக் கலக்குங்கள். சீனி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், தராசோ 220 கிராம் காட்டும். ஆனால் கிளாஸில் மட்டம் நீங்கள் நினைத்த அளவுக்கு உயராது. சீனியின் துகள்கள் தண்ணீரின் துகள்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொள்கின்றன. கொள்ளளவைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு உதைக்கும், நிறையைக் கூட்டினால் உதைக்காது. பரீட்சையில் பிள்ளைகள் வழுக்கி விழுகிற இடம் இதுதான்.

ஐஸ் பரிசோதனையில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு சின்னப் போத்தலில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி, மூடியை இறுக்கி, கடைக்காரரின் ஐஸ் பெட்டியில் உறைய வைத்து வாங்குங்கள். வெளியே எடுத்ததும் துடைத்து நிறுங்கள். உருகிய பிறகு மறுபடி நிறுங்கள். நிறை மாறக்கூடாது என்பது விதி. ஆனால் எமது ஊரில் செய்தால் சில கிராம் கூடியிருக்கும். விதி பிழைத்துவிட்டதா? போத்தலின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், முத்து முத்தாகத் தண்ணீர். கித்துல்கலக் காற்றில் எப்போதும் ஈரம் நிறைய. குளிர்ந்த போத்தலில் பட்டதும் காற்றிலுள்ள நீராவி ஒடுங்கித் தண்ணீராக ஒட்டிக்கொள்கிறது. ஒரு துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு நிறுத்தால் பழைய நிறை வந்துவிடும். மூடி இறுக்கமாக இருந்தும், வெளிப்பக்கத்தை மறந்தால் கணக்குப் பிழைத்துப் போகும்.

இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த கித்துல் மரத்தையும் பார்ப்போம். பூவைச் சீவி இறக்குகிற இனிப்பு நீரைக் கிராமத்துச் சிங்கள மக்கள் தெலிஜ்ஜ என்பார்கள். அதை அடுப்பில் வைத்து மணிக்கணக்காகக் காய்ச்சினால் பாணி. மரத்துக்கு மரம் வேறுபட்டாலும், ஏறக்குறைய ஏழெட்டுப் போத்தல் தெலிஜ்ஜவுக்கு ஒரு போத்தல் பாணிதான் மிஞ்சும். மற்றதெல்லாம் நீராவியாகக் குசினிக் கூரையின் வழியே போய்விடுகிறது. தெலிஜ்ஜவில் கரைந்திருந்த இனிப்பு சட்டியிலேயே நிற்கிறது. மரமேறுகிறவர் ஒரு போத்தல் பாணிக்கு விலை சொல்லும்போது, போன தண்ணீரையும் அதைப் போகச் செய்ய எரித்த விறகையும் சேர்த்துத்தான் சொல்கிறார்.

சட்டியை மூடி ஆவியையும் பிடித்து வைத்தால் என்ன ஆகும்? 1768ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் லவோசியே என்ற விஞ்ஞானி இதைத்தான் செய்து பார்த்தார். அந்தக் காலத்தில், தண்ணீரை நெடுநாள் காய்ச்சினால் அதில் ஒரு பகுதி மண்ணாக மாறிவிடும் என்று படித்தவர்களே நம்பினார்கள். காய்ச்சக் காய்ச்சப் பாத்திரத்தின் அடியில் மண் போல ஏதோ படிந்ததுதான் காரணம். லவோசியே ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை வெறுமையாக நிறுத்தார், தண்ணீரோடும் நிறுத்தார். ஆவி வெளியே போகாமல் மேலே எழும்பிக் குளிர்ந்து திரும்ப உள்ளேயே விழும்படி செய்யப்பட்ட பாத்திரம் அது. அதை மூடிவிட்டு 101 நாட்கள் சூடேற்றினார். 1769 பெப்ரவரியில் இறக்கி நிறுத்தபோது மொத்த நிறை மாறவே இல்லை. அடியில் மண் போன்ற தூளும் இருந்தது. பிறகு வெறும் பாத்திரத்தைத் தனியாக நிறுத்தார். பாத்திரம் கொஞ்சம் நிறை குறைந்திருந்தது. தூள் வந்தது தண்ணீரிலிருந்து அல்ல, கண்ணாடியிலிருந்து! சூடான தண்ணீர் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்திருக்கிறது.

எமக்கு இந்தக் கதையில் பிடித்தது அவருடைய பொறுமை மட்டும் அல்ல. பாத்திரத்தைத் தனியாகவும் சரக்கைத் தனியாகவும் நிறுத்தாரே, அதுதான். பின்னர் அவர் 1789இல் எழுதிய இரசாயன நூலில் இந்த விதியை உலகமே ஏற்கும்படி தெளிவாக வைத்தார். அவருக்கு முன்பே ரஷ்யாவில் லொமொனொசொவ் என்பவரும் இதே கருத்தைச் சொல்லியிருந்தார். லவோசியே வரி வசூலிக்கும் கம்பனி ஒன்றில் பங்காளராகவும் இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சியில், 1794இல், அதற்காகவே அவருடைய தலையை வெட்டினார்கள்.

இஸ்டோருக்குள் ஒரு கணக்கு

இனி எமது தேயிலைக்கு வருவோம். பச்சைக் கொழுந்தில் நாலில் மூன்று பங்குக்கும் மேலே தண்ணீர். மழை, வெயில், கொழுந்தின் முற்றல் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும். கணக்குக்காக 100 கிலோ கொழுந்தில் 77 கிலோ தண்ணீர், 23 கிலோ காய்ந்த சரக்கு என்று எடுத்துக்கொள்வோம்.

இஸ்டோரில் கொழுந்தை நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து விசிறியால் காற்று விட்டு, பல மணி நேரம் வாட வைக்கிறார்கள். வாடி முடிந்த கொழுந்தில் நூற்றுக்கு 55 பங்கு தண்ணீர் நிற்கிறது என்றால், அதன் நிறை சுமார் 51 கிலோ. (23 கிலோ காய்ந்த சரக்கு, 28 கிலோ தண்ணீர்.) மீதி 49 கிலோ எங்கே? விசிறிக் காற்றோடு வெளியே போய்விட்டது. 49 லீற்றர் தண்ணீரை யாரும் ஊற்றிவிடவில்லை, தரையிலும் ஈரம் இல்லை, ஆனாலும் போயிருக்கிறது. மழை நாளில் காற்றே ஈரமாக இருப்பதால் அது கொழுந்தின் தண்ணீரைச் சுலபத்தில் வாங்கிக்கொள்ளாது. அதனால்தான் அன்றைக்குச் சூடான காற்று கலந்து விடுகிறார்கள், கூடுதல் நேரமும் எடுக்கிறது.

பிறகு ரோலரில் அரைபடுகிறது, பச்சை போய்ச் செம்பு நிறம் வருகிறது. இந்த நிறம் மாறுகிற வேலை பௌதிக மாற்றம் அல்ல, கொழுந்துச் சாறு காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நடக்கிற இரசாயன மாற்றம். திணிவுக் காப்பு விதி அதற்கும் பொருந்தும். கடைசியில் அடுப்பு. சூடான காற்றில் தூள் காய்ந்து, நூற்றுக்கு 3 பங்கு ஈரம் மட்டும் மிஞ்சுகிறது. அப்போது நிறை 23 கிலோ 700 கிராம். அடுப்பில் மட்டும் 27 கிலோவுக்கு மேலே தண்ணீர் போயிருக்கிறது.

கூட்டிப் பாருங்கள். வாட்டும்போது 49, அடுப்பில் 27, கையில் தூள் கிட்டத்தட்ட 24. மொத்தம் 100.

ஆனால் இஸ்டோரில் வேலை செய்கிறவர்களைக் கேட்டால், "100 கிலோவுக்கு 24 எங்கே வருது? 21, 22 வந்தா நல்ல நாளு" என்பார்கள். அவர்கள் சொல்வதும் சரி. நாம் போட்ட கணக்கு கடதாசிக் கணக்கு. உண்மையில் சலிக்கும்போது தண்டும் நாரும் கழிவுத் தேயிலையாக ஒதுங்குகின்றன, பஞ்சு போன்ற தூசு பறக்கிறது, தரையில் சிந்துகிறது. அதைவிட முக்கியம், வந்த 100 கிலோவில் இலைக்கு வெளியே ஒட்டியிருந்த மழைத் தண்ணீரும் கொஞ்சம் இருந்திருக்கும். இலைக்கு உள்ளே உள்ள 77 வேறு, மேலே ஒட்டிய தண்ணீர் வேறு. மடுவத்துச் சண்டை முழுவதும் இந்த மேல்தண்ணீரைப் பற்றியதுதான்.

திரும்பவும் மடுவத்துக்கு

மேல்தண்ணீருக்குக் கழிவு போடுவது அநியாயம் என்று நாம் சொல்ல முடியாது. தண்ணீருக்கு நிறை உண்டு, 1 லீற்றர் தண்ணீர் 1 கிலோ. அது கொழுந்து அல்ல. ஆனால் எவ்வளவு தண்ணீர் என்பதை வாயால் சொல்லக்கூடாது, நிறுத்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கிராம் காட்டுகிற ஒரு கடைத் தராசும், காய்ந்த துவாய் ஒன்றும் போதும்.

நனைந்த கொழுந்தில் 1 கிலோவைச் சாக்கின் நடுவிலிருந்து எடுங்கள். மேலேயிருந்து எடுத்தால் காய்ந்தது வரும், அடியிலிருந்து எடுத்தால் ஊறியது வரும். துவாயைத் தனியாக நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், 300 கிராம் என்று வைப்போம். கொழுந்தைத் துவாயில் பரப்பி, நசுக்காமல், மெதுவாக ஒற்றி எடுங்கள். நசுக்கினால் சாறும் சேர்ந்து வந்து கணக்கைக் கெடுக்கும். இப்போது இரண்டையும் தனித்தனியே நிறுங்கள். கொழுந்து 890 கிராம், துவாய் 405 கிராம் என்று வருகிறது எனக் கொள்வோம். கொழுந்து இழந்தது 110, துவாய்க்கு வந்தது 105. மீதி 5 கிராம் மேசையில் சொட்டியிருக்கும், கொஞ்சம் காற்றில் போயிருக்கும். இழந்ததும் வந்ததும் இப்படி நெருங்கி நின்றால் நமது பரிசோதனை சரி என்று நம்பலாம். இரண்டும் தூரத் தூர நின்றால் தராசில் பிழை, அல்லது கையில் பிழை. மறுபடி செய்ய வேண்டும்.

இந்த உதாரணப்படி அன்றைய கொழுந்தில் நூற்றுக்கு 11 பங்கு மேல்தண்ணீர். அந்த அக்காவின் 14 கிலோவில் சாக்கு அரைக் கிலோ என்றால் கொழுந்து 13 கிலோ 500 கிராம். அதில் 11 பங்கு கழித்தால் கிட்டத்தட்ட 12 கிலோ. அப்படியானால் அந்த மழை நாளில் எழுதிய 12 சரியாகக்கூட இருந்திருக்கலாம்.

ஆனால் அவர் கேட்ட இரண்டாவது கேள்வி? முதல் நாள் வெயிலில் இலைக்கு மேலே தண்ணீர் இல்லை. அன்றைக்குக் கழிய வேண்டியது அரைக் கிலோ சாக்கு மட்டும்தான். 2 கிலோ கழித்திருந்தால் ஒன்றரைக் கிலோ உண்மையான கொழுந்து கணக்கில் காணாமல் போயிருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுத்தால் நாலரைக் கிலோ. பேருக்குக் கேட்கிற கிலோவுக்கு ஒன்றிரண்டு குறைந்து அரைப்பேர் வாங்குகிற பெண்ணுக்கு இந்த நாலரைக் கிலோ சின்ன விஷயம் அல்ல. அந்தக் கொழுந்து காற்றில் ஆவியாகவில்லை. அது இஸ்டோருக்குப் போய்த் தேயிலையாகி இருக்கிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, இதை யாரும் சண்டையாகப் பேசுவதில்லை. வெயில் நாளில் காலையில் எடுத்த கொழுந்தை மத்தியானம்வரை வெயிலில் வைத்திருந்தால் அது மலையிலேயே வாடத் தொடங்கிவிடும். இஸ்டோரில் நடக்க வேண்டிய வேலை கூடைக்குள்ளேயே நடக்கிறது. 15 கிலோவில் நூற்றுக்கு 5 பங்கு தண்ணீர் போனால் 750 கிராம் இல்லை. இந்தத் தண்ணீர் மேல்தண்ணீர் அல்ல, இலையின் சொந்தத் தண்ணீர், நிறுவையில் வர வேண்டியது. ஆகவே கூடை நிறைந்ததும் கொழுந்தை நிழலில் வையுங்கள், சாக்கில் மிதித்து அமுக்காதீர்கள், நிறுவை தாமதமாகாமல் நடக்க வேண்டும் என்று கேளுங்கள். அமுக்கிய கொழுந்து சூடேறிச் சிவந்துபோனால் இஸ்டோருக்கும் நட்டம்.

சாக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. சணல் சாக்கு தண்ணீரைக் குடிக்கும், நைலோன் வலைப்பை அவ்வளவு குடிக்காது. காய்ந்த சாக்கின் நிறையை வைத்து நனைந்த சாக்குக்குக் கழிவு போட்டால் நிறுக்கிறவர் பக்கம் பிழைக்கும். எந்தச் சாக்குக்கும் ஒரே கழிவு என்றால் நம் பக்கம் பிழைக்கும். கொழுந்தைக் கொட்டியபின் வெறும் சாக்கைத் தராசில் போட்டால் சண்டை தீர்ந்தது. லவோசியே பாத்திரத்தைத் தனியாக நிறுத்த கதை நினைவிருக்கிறதல்லவா?

தராசையே சோதிப்பதற்கும் வழி உண்டு. 10 லீற்றர் கேன் ஒன்றை வெறுமையாக நிறுத்து, பிறகு அளந்து 10 லீற்றர் தண்ணீர் ஊற்றி நிறுங்கள். வித்தியாசம் 10 கிலோ வர வேண்டும். இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி தராசுகளைப் பரிசோதித்து முத்திரையிடுவது அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் வேலை. முத்திரை இருக்கிறதா, எந்த ஆண்டின் முத்திரை என்று பார்ப்பது மரியாதைக் குறைவு அல்ல. கணக்கப்பிள்ளையோடு சண்டைக்குப் போகச் சொல்லி நாங்கள் இதை எழுதவில்லை. அவரும் மேலே கணக்குக் காட்ட வேண்டியவர்தான். தோட்டக் கமிட்டியில் பேசும்போது "ரொம்பக் கழிக்கிறாங்க" என்று சொல்வதைவிட, இன்ன திகதி, இன்ன மழை, இவ்வளவு மேல்தண்ணீர், இவ்வளவு கழிவு என்று நாலைந்து நாள் எழுதிய கடதாசியோடு போனால் பேச்சு வேறு விதமாக இருக்கும்.

ரப்பர் மலையில் பால் வெட்டுகிறவர்களுக்கு இந்தப் பாடம் முன்பே தெரியும். 100 கிலோ பாலில் காய்ந்த ரப்பர் 30 முதல் 40 கிலோவரைதான், மற்றது பெரும்பாலும் தண்ணீர். சிரட்டைக்குள் மழைத் தண்ணீர் விழுந்தால் வாளி நிறையும், ரப்பர் கூடாது. பாலில் மெட்ரோலக்கை மிதக்கவிட்டுப் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ரப்பருக்கு அளவுகோல் வைத்துக் கழிக்க முடிகிறது என்றால், கொழுந்துக்கு மட்டும் ஏன் கண்மதிப்பு?

பிள்ளைகளுக்குச் சில கேள்விகள் தருகிறோம். விடையை அம்மாவோடும் அப்பாவோடும் பேசிக் கண்டுபிடியுங்கள். 40 கிலோ நனைந்த கொழுந்தில் நூற்றுக்கு 8 பங்கு மேல்தண்ணீர் என்றால் கழிவு எத்தனை கிலோ? 8 கிலோ தெலிஜ்ஜவைக் காய்ச்சி 1 கிலோ 600 கிராம் பாணி எடுத்தால் ஆவியாகப் போனது எவ்வளவு? கொஞ்சம் அடிப்பிடித்துக் கருகியிருந்தால் அந்தப் பகுதி பௌதிக மாற்றமா, இரசாயன மாற்றமா? இஸ்டோர் விசிறியில் வெளியேறிய அந்த 49 லீற்றர் தண்ணீர், மலையில் மூடுபனியாகி, மழையாக விழுந்து, களனி கங்கையில் சேருகிற வழியை ஒரு படமாக வரையுங்கள்.